சிஸ்டரம்மா பதில்கள்: யாரும் துட்டி கேட்கவில்லை

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் நர்ஸ். வீட்டுக்காரர் லேப் டெக்னீஷியன். தான்சானியாவில் முவான்சா பக்கம், விக்டோரியா ஏரிக்கரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 14 மாதம் ஊழியம் செய்துவிட்டு, பிள்ளைகளோடு ஊர் திரும்பி ஆறு வாரம் ஆகிறது. ஃபிளெக்ஸ் வைத்து வரவேற்றார்கள். எனக்கோ எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. 11 வயது மகன் ராத்திரி படுக்கும்போது "எப்போம்மா வீட்டுக்குப் போவோம்?" என்கிறான். 7 வயது மகள் ஆச்சியைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிந்து சுவாஹிலியில் "ஷிகாமூ" என்கிறாள். ஆச்சிக்கு அது எரிச்சலாக இருக்கிறது. சொந்தக்காரர்கள் எவ்வளவு மிச்சம் பிடித்தாய் என்கிறார்கள். போன வாரம் இவருக்கு இரண்டு நாள் காய்ச்சல். வைரல் என்று மாத்திரை கொடுத்தார்கள்.

அசனத்தன்று, அதாவது சபை விருந்தன்று, கோயிலில் சாட்சி சொல்லச் சொல்கிறார் பாஸ்டர் ஐயர். எனக்கு ஒரே ஒரு முகம்தான் வருகிறது. மலேரியாவில் ரத்தம் சுண்டிப்போன இரண்டு வயதுப் பையன். ரத்தம் ஏற்பாடாகி வருவதற்குள் போய்விட்டான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "போலே, போலே சானா" என்றாள். இதை எப்படிச் சாட்சி என்று சொல்வது?

*— பெயர் வேண்டாம், நாசரேத் அருகில்*

பதில்: மகளே, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் காய்ச்சல்.

விட்டுவிட்டதே என்று இருந்துவிடாதே. நம் ஊர் டாக்டருக்குக் காய்ச்சல் என்றதும் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் இவைதான் ஞாபகம் வரும். "தான்சானியாவிலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகிறது" என்று நீதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல். அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்கிற ஆபத்தான வகை மலேரியா, காத்திருக்காது. ஒரு தடவை இல்லை என்று வந்தாலும் போதாது. 12 மணி முதல் 24 மணி நேரம் இடைவெளி விட்டு இன்னும் இரண்டு தடவை பார்க்கட்டும். உன் வீட்டுக்காரர் தன் ஸ்லைடைத் தானே பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, இன்னொருவர் கண்ணும் படட்டும். இன்னும் ஒரு வருஷத்துக்கு உங்கள் நாலு பேரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இதே பேச்சுதான்.

ஏரிக்கரை என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகள் தண்ணீரில் இறங்காமலா இருந்திருப்பார்கள்? அந்த ஏரியில் பில்ஹார்சியா என்கிற புழு நோய் உண்டு. நத்தையிலிருந்து வெளிவரும் புழு, தண்ணீரில் நிற்பவர் தோல் வழியே உள்ளே போய்விடும். வலியே இருக்காது. தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்த நமக்கு இது தோன்றவே தோன்றாது, இங்கே உள்ள டாக்டருக்கும்தான். ஏரியை விட்டு வந்து மூன்று மாதம் ஆனதும் நாலு பேருக்கும் மலம், சிறுநீர் பரிசோதனை செய்துவிடுங்கள். இருந்தால் பிராசிக்வான்டல் மாத்திரை இருக்கிறது, எடைக்குத் தக்க டாக்டர் கொடுப்பார்.

பணம் கேட்கிறவர்களிடம் கோபப்படாதே. வெளிநாடு என்றால் நம் சனங்கள் பார்த்தது துபாயும் சவூதியும்தான். கையில் இருப்பது இவ்வளவு என்று தொகையை ஒருதரம் சொல்லிவிடு. பேச்சு அதோடு நின்றுவிடும்.

சரி, இப்போது அந்தப் பையன்.

"போலே" மன்னிப்புக் கேட்கிற சொல் இல்லை என்பது உனக்கே தெரியும். தடுக்கி விழுந்தவனுக்கும் போலே, வீட்டில் சாவு விழுந்தவளுக்கும் போலே. உனக்கு வந்த கஷ்டத்தில் நானும் நிற்கிறேன் என்று அர்த்தம். பிள்ளையைப் பறிகொடுத்தவள் உன்னிடம் துட்டி, அதாவது துக்கம், கேட்டிருக்கிறாள், மகளே. நீயும் இழந்தவள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே ஃபிளெக்ஸ் வைத்தவர்களுக்கு அது தெரியாது. ஒரு சாவோடு நீ வீட்டுக்கு வந்திருக்கிறாய், யாரும் துட்டி கேட்கவில்லை. அதுதான் உன் பாரம். உன் அம்மாவோ ஒரு சிநேகிதியோ, ஒரே ஒருத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த ராத்திரி நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லு. அசனத்துக்கு முன்னால் சொல்லிவிடு. மைக் முன்னால் அது முதல்தடவையாக வரக் கூடாது. அதற்குப் பிறகும் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மனநல டாக்டரைப் பார். அதில் விசுவாசக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நானும் 1988 முதல் இரண்டு வருஷம் தான்சானியாவில் டோடோமா பக்கம் இருந்தேன். திரும்பி வந்ததும் எங்கள் சேகரத்தில் வெள்ளைத் துணி கட்டி ஸ்லைடு போட்டுக் காட்டினேன். வயிறு வீங்கிய ஒரு பெண் குழந்தை படம் வந்தபோது சபை முழுக்க "ஐயோ" என்றது. காணிக்கைத் தட்டும் நிறைந்தது. முடிந்ததும் வயதான உபதேசியார் ஒருவர் கிட்டே வந்து, "அம்மா, அந்தப் பிள்ளை பேர் என்ன? ஜெபத்துல சொல்லணும்" என்றார். எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் அந்தக் கட்டிலைச் சுற்றி நடந்திருக்கிறேன், பேர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஸ்லைடை அதற்குப் பிறகு நான் எங்கேயும் போடவில்லை.

மெய்ஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப்பான அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். நீங்கள் நிறையக் கொடுத்தீர்கள், ஆனால் எங்களோடு சமமாக உட்காரவில்லையே என்கிற ஆதங்கம் அது. அன்றைக்கு நம் ஆள் கேட்டதை இன்றைக்குத் தான்சானியாக்காரர் நம்மிடம் கேட்கலாம். அதனால் அசனத்தன்று வியாதிக்காரர் படம் ஒன்றுகூட வேண்டாம். உன்னோடு நைட் டியூட்டி பார்த்த அந்த ஊர் நர்ஸைப் பற்றிச் சொல்லு. அவள் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தாள், கரண்டு போனால் என்ன செய்தீர்கள், எதற்குச் சேர்ந்து சிரித்தீர்கள். அப்புறம் அந்தப் பையனைச் சொல்லு. செத்துப்போனான் என்றே சொல்லு. ஜெயமாக முடிக்க வேண்டும் என்று வாலில் எதையும் ஒட்டாதே. அவன் அம்மா சொன்ன வார்த்தையையும் அதன் அர்த்தத்தையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு. எங்கள் அம்மா உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை மிஷனுக்கென்று தனிப் பானையில் போடுவாள். அப்படிப் போட்டு அனுப்பிய சனங்களுக்கு உண்மையைத் தாங்குகிற தெம்பு உண்டு.

மகனுக்குக் கோவில்பட்டிப் பக்கம் விளைகிற மக்காச்சோளத்தை மாவாகத் திரித்துவந்து அந்த ஊர்க் களியான உகாலி கிண்டிக் கொடு. அங்கே அவன் தின்ற டகா என்கிற பொடி மீனுக்கு நம் நெத்திலிக் கருவாடு சரியாக இருக்கும். அங்கே உள்ள கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்ப விடு. மறக்கடிக்கப் பார்க்காதே.

மகளைத் திருத்த வேண்டாம், ஆச்சியைத்தான் பழக்க வேண்டும். "காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்கிற மாதிரி பெரியவர்களுக்குச் சொல்கிற மரியாதை அத்தை அது, உங்களுக்கென்றே சொல்கிறாள்" என்று எடுத்துச் சொல்லு. பதிலுக்கு "மரஹபா" என்று சொல்லக் கற்றுக்கொடு. ஆறு வாரமாகப் பிள்ளை அதற்காகத்தான் குனிந்தபடி நிற்கிறாள்.