வாய்க்காலை எவ்வளவு ஆழமாக வெட்டுவது? கணினி மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கேள்வி: யாழ்ப்பாணம் வலிகாமம் மேற்கில் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு ஏறத்தாழ 120 ஹெக்டேயர் வயல் இருக்கிறது. வெள்ளம் 2 கிலோமீற்றர் நீளமான வாய்க்காலால் கடல்நீரேரிக்கு இறங்க வேண்டும். கார்த்திகை மழையில் வயல் மூன்று நான்கு நாள் மூழ்கிக் கிடக்கிறது. சித்திரையில் கிணறுகள் உவர்க்கின்றன. தூர்வார நிதி கிடைக்கலாம் என்கிறார்கள். பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) விட்டு ஆழமாக வெட்டினால் போதாதா? கணினி மாதிரி செய்துதான் ஆக வேண்டுமா? அதற்கு நாங்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்: மாதிரி செய்யுங்கள். வாய்க்காலின் அளவையும் மழையையும் கொடுத்து, நீர் எங்கே எவ்வளவு உயரம் நிற்கும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதே மாதிரி. அது முடியும்வரை பெக்கோவை இறக்க வேண்டாம். மூழ்கும் வயலும் உவர்க்கும் கிணறும் ஒரே வாய்க்காலோடு தொடர்புள்ளவை. அளவில்லாமல் ஆழப்படுத்தினால் முதலாவது கொஞ்சம் குறையும், இரண்டாவது கூடிவிடும்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் படையணியின் நீரியல் மையம் வெளியிடும் ஹெக்-ராஸ் என்ற நீரோட்டக் கணிப்பு மென்பொருள் இலவசம். வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ் உண்டு, அதுவும் இலவசம். 2 கிலோமீற்றர் வாய்க்காலுக்குச் சாதாரண மடிகணினியே தாங்கும். இயக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில், இறுதியாண்டு மாணவர் ஆய்வாக இதை எடுக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

பணமும் உழைப்பும் போக வேண்டிய இடம் மட்டம் எடுக்கும் வேலை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவை வைத்து யாராவது மாதிரி செய்து தந்தால் ஏற்காதீர்கள். அந்தத் தரவின் பிழையே சில மீற்றர் வரும். உங்கள் வாய்க்காலின் முழு இறக்கமும் ஒரு மீற்றரைத் தாண்டுமா என்பதே சந்தேகம். கைபேசியின் ஜிபிஎஸ் உயரமும் இதற்கு உதவாது. ஓட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியும் மட்டக்கோலும் கொண்டு, நில அளவைத் திணைக்களத்தின் மட்டக்குறி (உயரம் தெரிந்த நிலையான குறி) ஒன்றில் தொடங்கி, கடல்நீரேரி வரை போய், மீண்டும் அதே குறிக்கு வந்து முடிக்க வேண்டும். போய்வரும் தூரம் 4 கிலோமீற்றரானால் முடிவில் வரும் வித்தியாசம் 24 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கூடினால் மறுபடி எடுங்கள். ஒரு மட்டப்பிழையால் வாய்க்காலின் படுக்கை 10 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டுப்பட்டால், 3 மீற்றர் அகலத்தில் 2 கிலோமீற்றருக்கு 600 கன மீற்றர் மண் வீணாக ஏறும்.

குறுக்குவெட்டு, அதாவது வாய்க்காலுக்குக் குறுக்கே கரையிலிருந்து கரைக்கு எடுக்கும் மட்டங்கள், 50 மீற்றருக்கு ஒன்று எடுங்கள். கரையின் இரு பக்கமும் வயலுக்குள் 20 மீற்றராவது போக வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளம் கரை மேவியபின் எங்கே நிற்கிறது என்று மாதிரிக்குத் தெரியாது. வீதிக்கு அடியால் நீர் போகும் ஒவ்வொரு மதகுக்கும் நான்கு குறுக்குவெட்டு வேண்டும்: மேற்புறம் இரண்டு, கீழ்ப்புறம் இரண்டு. மதகின் உள்விட்டம், குழாய் அடிமட்டம், வீதியின் மேல்மட்டம் மூன்றையும் குறியுங்கள். குழாய் பாதி மண்ணில் புதைந்திருந்தால் அதையும் எழுதுங்கள். இவ்வளவும் ஆவணி முடிவதற்குள், வாய்க்கால் காய்ந்திருக்கும்போது முடிய வேண்டும்.

இனிக் கணக்கு. ஒரு நாளில் 150 மில்லிமீற்றர் மழை பெய்வதாக வைப்போம். வரம்புக்குள் 50 மில்லிமீற்றரைப் பயிருக்குச் சேதமின்றி மறிக்கலாம். மீதி 100 மில்லிமீற்றர் 120 ஹெக்டேயரில் 120,000 கன மீற்றர். அடியில் 3 மீற்றர் அகலம், கரைச் சரிவு 1:1.5 (ஒரு மீற்றர் உயரத்துக்கு ஒன்றரை மீற்றர் பக்கவாட்டில்), நீராழம் 1 மீற்றர், இறக்கம் 2,500க்கு 1 (அதாவது 2 கிலோமீற்றருக்கு 80 சென்ரிமீற்றர்) என்றால், துப்புரவான மண்வாய்க்கால் செக்கனுக்கு 2.3 கன மீற்றர் கடத்தும். வயல் சுமார் 14 மணித்தியாலத்தில் வடியும். அதே வாய்க்காலில் புல்லும் சம்பும் அடர்ந்தால் நீரோட்டத்தை வாய்க்கால் எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மானிங் உராய்வு எண் 0.03இலிருந்து 0.08க்கு ஏறும். அப்போது 0.87 கன மீற்றர்தான் போகும், வடிய 38 மணித்தியாலம் பிடிக்கும். ஒரு பிடி மண்கூட வெட்டாமல், புல்லை அகற்றுவதால் மட்டும் கிடைக்கும் வித்தியாசம் இது.

ஆனால் இடையில் 600 மில்லிமீற்றர் ஹியூம் (கொங்கிறீற்று) குழாய் இரண்டு போட்ட மதகு ஒன்று இருந்தால் மேலே சொன்ன எல்லாம் அடிபட்டுப் போகும். மேற்பக்க நீர் கீழ்ப்பக்கத்தைவிட 30 சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றாலும் அந்த இரண்டு குழாயும் சேர்ந்து செக்கனுக்குச் சுமார் 1 கன மீற்றருக்கு மேல் விடாது. வாய்க்காலை இரட்டிப்பாக்கினாலும் வெள்ளம் அந்த வீதிக்கு மேற்புறத்திலேயே தேங்கும். 1.5 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரத்தில் இரண்டு பெட்டி மதகு வைத்தால் 10 சென்ரிமீற்றர் உயர வித்தியாசத்திலேயே 2.5 கன மீற்றர் போகும். எனவே மாதிரியில் முதலில் பார்க்க வேண்டியது நெடுக்குவெட்டில் நீர்மட்டக் கோடு எந்த மதகில் படியாக விழுகிறது என்பதைத்தான். அங்கேதான் நிதி போக வேண்டும். மதகு பிரதேச சபையுடையதா, வீதித் திணைக்களத்துடையதா என்று முன்கூட்டியே அறிந்து அவர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். தூர்வாரும் நிதியில் மதகு பெரும்பாலும் அடங்காது.

அடுத்தது கடல்நீரேரியின் மட்டம். தவறு அதிகம் நடக்கும் இடம் இதுவே. மென்பொருள் கீழ்முனையில் என்ன நிபந்தனை என்று கேட்கும். இயல்பாழம் (கீழே தடையில்லாதபோது நீர் ஓடும் ஆழம்) என்று கொடுத்துவிட்டுப் போவது சுலபம், அப்படிக் கொடுத்தால் வெள்ளம் தடையின்றி வழிந்தோடுவதாகக் கணக்கு வரும். கார்த்திகையில் அப்படி நடப்பதில்லை. உதாரணத்துக்கு, பயிர் தாங்கும் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 0.9 மீற்றர், கடல்நீரேரி சாதாரண நாளில் 0.1 மீற்றர் என்றால் இறக்கம் 80 சென்ரிமீற்றர். புயலில் ஏரி 0.6 மீற்றருக்கு ஏறினால் மிஞ்சுவது 30 சென்ரிமீற்றர். துப்புரவான வாய்க்காலும் அப்போது 1.4 கன மீற்றர்தான் கடத்தும். அடியகலத்தை 4.5 மீற்றராக்கினால் 2.0 ஆகும். 30 சென்ரிமீற்றர் ஆழப்படுத்தினால் 2.3 வரும், ஆழமே மேல் என்று தோன்றும். மாதிரி அங்கே நின்றுவிடும். உப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

படுக்கை கடல்மட்டத்துக்குக் கீழே போனால் வைகாசி, ஆனியில் உவர்நீர் வாய்க்காலால் உள்ளே ஏறும். அதோடு, ஆழமான வாய்க்கால் பக்கத்து நிலத்தடி நீரையும் வடித்துவிடும். கோட்பாட்டின்படி கடல்மட்டத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு மீற்றர் நன்னீருக்கும் கீழே 40 மீற்றர் நன்னீர் தங்கும். 10 சென்ரிமீற்றர் இறக்கினால் கீழிருந்து உவர்நீர் 4 மீற்றர் எழும்பும். நம் சுண்ணக்கல்லில் வெடிப்பும் குகையும் இருப்பதால் கணக்கு இதே அளவில் பொருந்தாது, ஆனால் உவர் ஏறுவது ஏறும். வெங்காயம் இதைப் பொறுக்காது: உப்பின் அளவைக் காட்டும் பாசன நீரின் மின்கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 800 மைக்ரோசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். ஆகவே அகலப்படுத்துங்கள். கீழ்முனைப் படுக்கையை உலர்காலக் கடல்நீரேரி மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டாம். காணி ஒதுக்கு போதாத இடத்தில் மட்டும், உவர்த்தடுப்புப் பலகை போடும் கட்டமைப்போடு, ஆழத்தைப் பற்றி யோசிக்கலாம். வேலைக்கு முன்பே ஆறு கிணற்றைத் தெரிந்தெடுத்து மாதம் ஒருமுறை நீர்மட்டமும் மின்கடத்துதிறனும் குறித்து வையுங்கள். பின்னால் வாக்குவாதம் வரும்போது அந்தக் கொப்பிதான் பேசும்.

உங்கள் நீர் வழுக்கையாற்றில் சேர்ந்து அராலிப் பக்கம் இறங்குவதானால் தடுப்பணைக் கதவு திறந்த நிலை, மூடிய நிலை இரண்டையும் மாதிரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கதவு ஒரு நாள் தாமதித்துத் திறந்தால் எத்தனை ஹெக்டேயர் கூடுதலாக மூழ்கும் என்று வரும் விடையை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கொண்டுபோகலாம். கீழே உள்ள ஊருக்கு நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் அதே ஓட்டத்தில் பாருங்கள். உங்கள் வெள்ளத்தை அவர்கள் வளவுக்குள் தள்ளும் திட்டம் திட்டமே அல்ல.

மாதிரி உண்மை பேசுகிறதா என்று சோதிக்காமல் நம்பக் கூடாது. மூன்று மதகுச் சுவரில் சென்ரிமீற்றர் அளவு வர்ணத்தால் எழுதி, அதன் மட்டத்தையும் எடுத்து வையுங்கள். முதல் பெருமழையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கைபேசியால் நேரத்தோடு படம் எடுங்கள். அளந்ததும் மாதிரி சொல்வதும் 10 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால் முதலில் மதகு அடைப்பைப் பாருங்கள், பிறகு உராய்வு எண்ணைத் திருத்துங்கள். 2008 நிஷா புயல், 2020 புரெவி புயல், 2024 நவம்பர் வெள்ளங்களில் நீர் எந்தச் சுவரில் எவ்வளவு நின்றது என்று ஊரவரைக் கேட்டு மட்டம் எடுத்தால் இன்னொரு சோதனையும் கிடைக்கும். கணிப்பில் நீரோட்டம் நேரத்தோடு மாறுவதாகவே ஓட்டச் சொல்லுங்கள், நிலையான ஓட்டக் கணக்கு வயலில் தேங்கும் நீரைக் கணக்கில் எடுக்காது. நேரப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம், 10 முதல் 30 செக்கன் போதும், கூட்டினால் நீர்மட்டம் துள்ளும். மதகுகள் மூன்றில் ஒரு பங்கு குப்பையால் அடைபட்டதாகவும் ஒருதரம் ஓட்ட வேண்டும்.

வெட்டும்போது கடல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி வாருங்கள். மேலே தொடங்கினால் முதல் மழையில் கீழ்ப்பகுதி நிரம்பிவிடும். வெட்டிய மண்ணைக் கரை விளிம்பில் குவிக்காமல் ஒன்றரை மீற்றராவது தள்ளிப் போட்டு, 40 மீற்றருக்கு ஓர் இடைவெளி விடுங்கள். தொடராகக் குவித்தால் வயல்நீர் வாய்க்காலுக்குள் இறங்க வழியிராது. புல் ஒரே வருடத்தில் திரும்பும். ஆகவே புரட்டாதியில் துப்புரவு, மார்கழிக் கடைசியில் மழை ஓயும்போது பலகை போட்டு நீரை மறித்தல், அடைமழை எச்சரிக்கை வந்தால் பலகையைக் கழற்றுதல், இந்த மூன்றுக்கும் யார் பொறுப்பு என்று கமக்காரர் அமைப்பின் கூட்டக்குறிப்பில் பெயரோடு எழுதி, பிரதியைக் கமநல சேவை நிலையத்துக்கும் கொடுங்கள்.