போர்க்கால கேலி ஓவியங்களில் பாதிரியார் கொழுத்தும் ஏழை எலும்பும் தோலுமாகவும் இருப்பது ஏன்?

கேலி ஓவியம் என்றால் சிரிப்புப் படம் என்று மட்டும் அர்த்தமில்லை. ஊருக்கே தெரிந்தும் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் படத்தில் போட்டு உடைப்பது.

ஸ்பெயின் ஓவியர் கோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். நெப்போலியன் படையெடுப்பின்போது, 1811-12இல் மட்ரிட்டில் கடும் பஞ்சம். ரொட்டியில்லாமல் ஜனங்கள் தெருவிலேயே செத்தார்கள். அவருடைய 'போரின் பேரழிவுகள்' வரிசையில் 82 அச்சுப் படங்கள். ஒன்றில் பட்டினிக்காரர்கள் தரையில் சுருண்டு கிடக்க, நல்ல உடுப்புக்காரர்கள் நின்று பார்க்கிறார்கள். கீழே தலைப்பு: 'இவர்கள் வேறு குலமோ?' எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் கொடூரமான படம்.

77ஆம் படத்தில் அங்கி அணிந்த மதகுரு ஒருவர், நைந்து முடிச்சு விழுந்த கயிற்றின் மேல் கை விரித்து நடக்கிறார். கீழே கூட்டம். 'கயிறு அறுந்துவிடும்' என்பது தலைப்பு. நம்ம ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் கழைக்கூத்தாடி கயிற்றில் நடந்தால் தட்டில் காசு விழுமா என்று கீழே பார்ப்பார். வயிறு காய்ந்தவர் மேலே, சாப்பிட்டவர்கள் கீழே. கோயா அதை அப்படியே தலைகீழாக்குகிறார்.

பாதிரியாரைக் கொழுத்தவராகவும் ஏழையை எலும்பும் தோலுமாகவும் வரைவதற்குக் காரணம் எளிது. 'பகிர்ந்து உண்' என்று போதிப்பவரின் தொப்பையும் கேட்பவரின் விலா எலும்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வேறு விளக்கம் வேண்டாம். ஆபத்தும் அதில்தான். போருக்குப் பின் மன்னராட்சியும், திருச்சபைக்கு மாறாகப் பேசுபவர்களைத் தண்டிக்கும் மத விசாரணை மன்றமும் திரும்பின. படங்கள் வெளியானது 1863இல், கோயா இறந்து 35 வருஷம் கழித்து.

இதைப் பார்த்து கோயாவை நாத்திகர் என்பவர்கள் உண்டு. ஆனால் 1819இல்கூட, ஒரு புனிதர் சாகுமுன் கடைசி நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்கும் காட்சியை தேவாலயத்துக்காக வரைந்து கொடுத்தவர் அவர்.