மாத்திரையோடு மூலிகையும் கொடுக்கலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கிறார், ஆனால் யாரோடும் பேசாமல் ஒதுங்கியே இருக்கிறார். அஸ்வகந்தா கொடுத்தால் சரியாகும், மாத்திரையையும் குறைத்துவிடலாம் என்று உறவினர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று, மாத்திரையைக் குறைக்கவே குறைக்காதீர்கள். அஸ்வகந்தா பற்றி ஆய்வே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 66 பேரில் ஒரு பகுதியினருக்கு, வழக்கமான மருந்தை நிறுத்தாமல், தினமும் 1000 மில்லிகிராம் சாறு 12 வாரம் கொடுத்தார்கள். உங்கள் அண்ணனிடம் இருக்கும் இந்த ஒதுங்கல், உற்சாகமின்மை போன்றவை மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்த மற்றவர்களைவிடக் குறைந்தன, ஆனால் காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவற்றில் பெரிய மாற்றமில்லை. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனாலும் 66 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.

இயற்கையானது, அதனால் கெடுதல் செய்யாது என்ற பேச்சுதான் எனக்குக் கவலை. அஸ்வகந்தா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, தைராய்டு ஹார்மோனையும் கூட்டலாம், தூக்கம் தரும் மருந்தோடு சேர்ந்தால் அசதி அதிகமாகும். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இன்னும் ஆபத்து: குவெட்டியபின், க்ளோசபின் போன்ற மனச்சிதைவு மருந்துகளைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்து ரத்தத்தில் அவற்றின் அளவைக் குறைத்துவிடும், இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) உள்ளவர்களுக்கு அந்த அளவுமீறிய உற்சாக நிலையையும் தூண்டலாம்.

அப்புறம், இந்த ஒதுங்கல் மருந்தின் பக்கவிளைவாகவோ மனச்சோர்வாகவோகூட இருக்கலாம். அதை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள், அஸ்வகந்தா பாட்டிலையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர் சரி என்றால் கல்லீரல், தைராய்டு பரிசோதனை செய்துகொண்டு தொடங்கலாம்.