லியோவோட கதையில அம்மா எங்க?

கேள்வி: 12 வருஷத்துக்கு முன்னாடி விவாகரத்தாகி அம்மா வீட்டுக்கு வந்தேன். டிப்ரெஷன்ல ஆறு மாசம் கட்டிலை விட்டே எழுந்திரிக்கல. அப்ப ரெண்டு மாச நாய்க்குட்டியா வந்த லியோதான் என்னைக் காப்பாத்தினான். நானும் அவனும் மட்டுமே இருந்த அந்த உலகத்தைப் பத்தி ஒரு புத்தகம் எழுதறேன், பதிப்பகமும் கிடைச்சாச்சு, 11 அத்தியாயம் முடிஞ்சுது. இப்ப லியோவுக்குப் பின்னங்கால் நிக்கல, ராத்திரி பூரா அலையறான், குரைக்கறான். அம்மா ஹால்ல அவன் பக்கத்துலயே படுத்துக்கறாங்க, அதனால எனக்கு எழுத நேரம் கிடைக்குது. ஆனா கடைசி அத்தியாயம் வரவே மாட்டேங்குது. அவன் போனதுக்கப்புறம் எழுதினா முடிவு அழுத்தமா இருக்கும்னு எடிட்டர் சொல்றார். இப்பவே முடிக்கட்டுமா, காத்திருக்கட்டுமா? (பெயர் வேண்டாம், வயது 38)

பதில்: கடைசி அத்தியாயத்தை அப்புறம் பாத்துக்கலாம். நாய், பூனை, கிளின்னு வளர்த்து அதைப் பத்தி எழுதறவங்க கடிதம் எனக்கு நிறைய வருது, எல்லாரும் முடிவைப் பத்தித்தான் கேக்கறாங்க. உங்க கடிதத்துல என்னைப் பிடிச்சு நிறுத்தினது முடிவு இல்லை, "அம்மா ஹால்ல அவன் பக்கத்துலயே படுத்துக்கறாங்க, அதனால எனக்கு எழுத நேரம் கிடைக்குது"ன்னு போற போக்குல எழுதிட்டுப் போயிட்டீங்களே, அந்த ஒரு வரி.

அம்மாவுக்கு என்ன வயசு? நீங்க சொல்லல. உங்களுக்கு 38னா அவங்களுக்கு அறுபது வாக்குலயாவது இருக்கும். அந்த வயசுல ஒரு பொம்பளை தரையில படுத்து, ராத்திரில எத்தனையோ தடவை எழுந்து, நிக்க முடியாத நாயைத் தூக்கி வெளிய கொண்டு போய், திரும்பக் கொண்டு வந்து, நனைஞ்ச துணியை மாத்திட்டுப் படுக்கறாங்க. நீங்க ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அதே நாய் மேல உங்களுக்கு இருக்கற அன்பைப் பத்தி எழுதறீங்க. இதைப் படிக்கறப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, மறைக்க விரும்பல.

சரி, 12 வருஷம் பின்னாடி போவோம். ஆறு மாசம் கட்டிலை விட்டு எழுந்திரிக்கலன்னு நீங்களே சொல்றீங்க. அதே சமயத்துல வீட்டுக்குள்ள ரெண்டு மாசக் குட்டி. அந்த வயசுக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை சாப்பாடு வெக்கணும், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளிய விடணும், நடு ராத்திரில கூட. பூச்சி மருந்து குடுக்கணும், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை தடுப்பூசிக்குத் தூக்கிட்டு ஓடணும், அது செருப்பைக் கடிக்கும், தரையெல்லாம் ஈரம் பண்ணும், யாராவது துடைச்சுக்கிட்டே இருக்கணும். கட்டில்ல இருந்த நீங்க இதையெல்லாம் செஞ்சிருக்க முடியாது. அப்ப யாரு செஞ்சா? லியோ உங்க கட்டில்கிட்ட வந்து மூஞ்சியை வெச்சப்ப அவன் வயிறு நிறைஞ்சிருந்துச்சு, குளிச்சு சுத்தமா இருந்தான், அதெல்லாம் தானா நடந்துச்சா?

"நானும் அவனும் மட்டுமே இருந்த உலகம்"னு எழுதியிருக்கீங்க. அந்த உலகத்துல மூணாவதா ஒருத்தர் இருந்தாங்க, பாத்திரம் கழுவிக்கிட்டு, உங்க தட்டையும் அவன் தட்டையும்.

நாய் உங்களை மீட்டுச்சுங்கறதை நான் சந்தேகப்படல. மிருகங்களோட வாழறது பலருக்கு மனசுக்குத் தெம்பு குடுக்குதுன்னு எனக்கும் தெரியும். 1980ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வை இந்த மாதிரி புத்தகம் எழுதறவங்க நிறைய பேர் சொல்வாங்க, 92 இதய நோயாளிகளை ஒரு வருஷம் பாத்ததுல செல்லப்பிராணி வெச்சிருந்த 53 பேர்ல 3 பேர்தான் இறந்தாங்க, வெச்சிருக்காத 39 பேர்ல 11 பேர் போயிட்டாங்கன்னு. எனக்கு அதைப் படிச்சதும் முதல்ல வந்த கேள்வி, இவங்க ஆஸ்பத்திரில படுத்திருந்த நாட்கள்ல அந்த நாய்க்கும் பூனைக்கும் யாரு சோறு வெச்சாங்கங்கறதுதான். வீட்ல யாரோ ஒருத்தர் வெச்சிருப்பாங்க. அவங்க பேரை யாரும் எழுதி வெக்க மாட்டாங்க.

இந்த வகைல நல்லா எழுதினவங்க அந்த ஆளை விடறதில்லை. ஹெலன் மெக்டொனால்ட்னு ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர், 2007ல அப்பா திடீர்னு இறந்ததும் ஒரு வல்லூறை வாங்கிப் பழக்கினார், மனுஷங்களை விட்டு விலகி அந்தப் பறவையோடயே கிடந்தார், அதைப் பத்தின "H is for Hawk" புத்தகம் வந்தது 2014ல. பறவை என்னைக் காப்பாத்திடுச்சுன்னு அவர் முடிச்சிருந்தா அது சாதாரணப் புத்தகமா போயிருக்கும். பறவையோட ஒதுங்கினதுல தன் நிலைமை இன்னும் மோசமாச்சுன்னு ஒத்துக்கிட்டு, டாக்டர்கிட்ட போனது, மருந்து எடுத்துக்கிட்டது, நண்பர்கள் கூட நின்னது எல்லாத்தையும் அதுல எழுதியிருக்கார். உங்க 11 அத்தியாயத்துல அம்மா எத்தனை பக்கம் வராங்கன்னு எண்ணிப் பாருங்க. கடைசி அத்தியாயம் ஏன் வரலங்கறதுக்குக் காரணம் அங்கதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். இதுவரைக்கும் அம்மாவை விட்டுட்டு எழுத முடிஞ்சுது, இப்ப நடக்கறதை எழுதணும்னா ஹால்ல படுத்திருக்கறவங்களை எழுதாம இருக்க முடியாது.

லியோவோட தடுப்பூசிப் புத்தகத்தை எடுங்க, தேதிகளைப் பாருங்க. ஒவ்வொரு தேதிக்கும் அவனைக் கூட்டிட்டுப் போனது யாருன்னு அம்மாகிட்ட உக்காந்து கேளுங்க, அவங்க சொல்றதை ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. உங்களுக்கு நினைவே இல்லாத ஆறு மாசம் அவங்க நினைவுல முழுசா இருக்கும், அது இல்லாம உங்க புத்தகத்தோட முதல் பாதி பாதிப் பொய்.

அதுக்கு முன்னாடி இன்னிக்கு ராத்திரியே செய்ய வேண்டியது, அம்மாவைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு நீங்க ஹாலுக்குப் போங்க. நாளைக்கு அவனை டாக்டர்கிட்ட காட்டுங்க. வயசான நாய் ராத்திரி அலையறதும் குரைக்கறதும் வெறும் அடம் இல்லை, மூட்டு வலியா இருக்கலாம், கண்ணு காது மங்கியிருக்கலாம், மனுஷங்களுக்கு வர மறதி நோய் மாதிரி ஒண்ணு நாய்க்கும் வரும், பகல்ல தூங்கி ராத்திரி முழிக்கறது அதுல ஒரு அறிகுறி. வலிக்கு மருந்து இருக்கு, ஆனா நம்ம மாத்திரையைக் குடுத்துடாதீங்க, பாராசிட்டமால் ஐபுப்ரோஃபென் எல்லாம் நாய்க்கு விஷமாயிடும். வழுக்காத விரிப்பு போடுங்க, ராத்திரி ஒரு சின்ன லைட் எரியட்டும், அடிவயித்துக்குக் கீழ துண்டைக் குடுத்துத் தாங்கிப் பிடிச்சு நடக்க வைங்க, முதுகை ஒடிச்சுக்காம தூக்கக் கத்துக்கலாம். உங்களை எழுப்பி உக்கார வெச்ச உயிருக்குக் கடைசிக் காலத்துல செய்யற கடமை உங்களோடது, அதை அம்மா தலைல கட்டிட்டு எழுதறதுல எனக்கு உடன்பாடு இல்லை. எழுத்து நின்னா நிக்கட்டும்.

எடிட்டர் சொன்னதை நான் ஏத்துக்க மாட்டேன். உயிரோட இருக்கற நாயோட சாவுக்காகக் காத்திருக்கற புத்தகம் வேண்டாம். அவன் எழுந்து நிக்க முயற்சி பண்ற இந்த மாசத்தோடயே முடிக்கலாம், தேதி வேணும்னா பதிப்பகத்துக்கிட்ட தள்ளிக் கேளுங்க, தருவாங்க.

ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. லியோ போற அன்னிக்கு உங்களுக்கு ஆறுதல் சொல்ல வாசகர்கள் இருப்பாங்க, பதிப்பகம் இருக்கும், நண்பர்கள் எழுதுவாங்க. நாய்க்காக அழறவங்களையே ஊர் சரியா மதிக்கறதில்லை, அதுலயும் அது "பொண்ணோட நாய்"னு ஆயிட்டா அம்மாவுக்கு அழறதுக்குக் கூட உரிமை இல்லாம போயிடும். 12 வருஷம் ரெண்டு வேளை சோறு வெச்ச கை அவங்களோடது, அந்த வீட்டுல அதிகமா இழக்கப் போறவங்க அவங்களா கூட இருக்கலாம். யாரும் அவங்ககிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க, ஏன்னா புத்தகத்துல அவங்க இல்லவே இல்லை.

எழுதி முடிச்சதும் எடிட்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட குடுங்க. படிக்கக் கண்ணு சரியில்லன்னா நீங்க படிச்சுக் காட்டுங்க. இது இப்படி நடக்கலன்னு சொன்னா மாத்துங்க, ஒரு வரியை எடுக்கச் சொன்னா எடுத்துடுங்க, வாதம் பண்ணாதீங்க.