அமெரிக்காவில் ஆரம்பத்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஒருவரின் குடும்ப உறவுகளை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியுமா? இணையத்தில் கிடைக்கும் வம்சாவளிப் படங்களை நம்பலாமா?

கண்டுபிடிக்கலாம். படங்களை நம்பக் கூடாது.

கேட்டவர் அநேகமாக என் நிலைமையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். பிள்ளையோ பெண்ணோ அங்கே சம்பந்தம் செய்திருப்பார்கள். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் ஒரு வம்சாவளிப் படம் சட்டம் போட்டுத் தொங்கும். 'நாங்கள் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள்' என்று ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லியிருப்பார்கள். ஆரம்பக் குடியேறிகளை இங்கிலாந்திலிருந்து ஏற்றிக்கொண்டு போன கப்பல் அது. உண்மையா என்று உங்களுக்கு அரிப்பு. சரிதானே?

'வெள்ளைக்காரன் குலம் கோத்திரம் உனக்கெதற்கு' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 'இன்னார் மகள் இன்னார்' என்று எதில் பார்த்தாலும் ஆதாரம் எங்கே என்று கேட்டே பழகிவிட்டது. எந்த நாட்டுக் காகிதமானாலும் காகிதம் காகிதம்தான். அவர்கள் குடியேறிய நிலம் வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களுடையது என்பதும் எனக்குத் தெரியும், அதை நினைவூட்டத் தனியாக யாரும் மெனக்கெட வேண்டாம்.

என் சம்பந்தி அம்மா வீட்டுப் படத்தின் உச்சியில் இருந்தவர் ஸ்டீபன் ஹாப்கின்ஸ். 1620-ல் மேஃப்ளவரில் போன 102 பயணிகளில் ஒருவர். பிறந்த ஊர் குளோஸ்டர்ஷயரில் வொட்டன்-அண்டர்-எட்ஜ், முதல் மனைவி கான்ஸ்டன்ஸ் டட்லி என்று சுருள் சுருளான எழுத்தில் போட்டிருந்தது. விருந்துக்குப் போன இடம் என்பதை மறந்து, 'இது எந்தப் பதிவில் இருக்கிறது?' என்று கேட்டுவிட்டேன். என் பையன் கண்ணைக் காட்டினான். 'எல்லா இடத்திலும் அப்படித்தானே போட்டிருக்கிறார்கள்' என்றார் அந்த அம்மா.

எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள், அதுதான் கோளாறு. தாய்ப்பத்திரத்தில் தப்பான பெயர் ஏறிவிட்டால், அதை வைத்து எழுதிய அத்தனை கிரையப் பத்திரத்திலும் அதே பெயர் வரும். பத்துப் பத்திரம் இருக்கிறதே என்று அது ஆதாரமாகிவிடாது.

ஹாப்கின்ஸ் விஷயத்தில் உண்மையான காகிதம் 1998-ல்தான் வெளியே வந்தது. கேலப் ஜான்சன் என்ற ஆய்வாளர், ஹாம்ப்ஷயரில் ஹர்ஸ்லி என்ற ஊரின் தேவாலயப் பதிவேட்டில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். ஸ்டீபனின் பிள்ளைகள் எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் மூவரும் 1604, 1606, 1608-ல் அங்கே ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். 1613 மே 9-ல் ஸ்டீபனின் மனைவி அடக்கம் செய்யப்பட்ட பதிவும் இருக்கிறது. அவள் பெயர் மேரி. டட்லி வீட்டுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வேறொரு ஸ்டீபனாக இருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மேஃப்ளவரில் ஸ்டீபனோடு ஏறிய மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், கான்ஸ்டன்ஸும் ஜைல்ஸும். ஹர்ஸ்லியிலும் அதே இரண்டு பெயர், அதே வரிசை. இன்னொன்றும் இருக்கிறது. 1609-ல் வர்ஜீனியாவுக்குக் கிளம்பிய சீ வென்ச்சர் என்ற கப்பல் பெர்முடாவில் தரைதட்டியது. அங்கே கவர்னரை எதிர்த்துப் பேசியதற்காக ஸ்டீபன் ஹாப்கின்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவர் மனைவி மக்களைச் சொல்லி அழுது உயிர்ப்பிச்சை வாங்கினார் என்று கூட இருந்தவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த வருஷம் ஹர்ஸ்லியில் ஒரு மனைவியும் மூன்று சின்னக் குழந்தைகளும் இருக்கிறார்கள். இப்படி ஒன்றோடொன்று கவ்வ வேண்டும். வெறும் பெயர் பொருத்தம் கல்யாணத்துக்கே போதாது, வம்சத்துக்கு எங்கே போதும்?

ஒரு எச்சரிக்கை. ஜைல்ஸின் பதிவில் 1607 ஜனவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1608. இங்கிலாந்தில் 1752-ல் மாற்றும் வரை மார்ச் 25-ல்தான் வருஷம் பிறந்தது. இது தெரியாமல் 'தேதி இடிக்கிறதே' என்று சரியான ஆளைக் கழித்துக் கட்டியவர்கள் உண்டு. இன்னொன்று, இறந்த குழந்தையின் பெயரையே அடுத்து பிறந்ததற்கும் வைப்பார்கள். ஹாப்கின்ஸுக்கு டாமரிஸ் என்று இரண்டு பெண்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் வயதுக் கணக்கே மாறிவிடும்.

எனக்கு உயிர் என்றால் அவருடைய உயில்தான். 1644 ஜூன் 6-ல் எழுதியது, சாட்சி அந்தக் குடியேற்றத்தின் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷும், அங்கே பல முறை கவர்னராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டும். என் உத்தியோகத்தில் எத்தனையோ உயில் பார்த்தாயிற்று, இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மகன் ஜைல்ஸுக்கு ஒரு பெரிய காளை, அது அப்போது வாரன் வீட்டு அம்மா பொறுப்பில் இருக்கிறது. அந்தக் காளைக்கு அந்த அம்மா தரவேண்டிய வாடகை இருபது ஷில்லிங் ஜைல்ஸின் மகனுக்கு. சுருட்டை மயிர்ப் பசு ஒன்று ரூத்துக்குப் பாதி, எலிசபெத்துக்குப் பாதி. அதே எலிசபெத்துக்கு யார்மத் என்ற ஊரில் ஜைல்ஸ் பராமரிப்பில் இருக்கும் வாலில்லாத கிடேரி ஒன்று. நம் ஊர் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றில் நாலில் ஒரு பங்கு, புளியமரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதுவோமே, அதே கைதான்.

ரசிப்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அதே உயிலில் 'என் மகள் கான்ஸ்டன்ஸ், நிக்கலஸ் ஸ்னோவின் மனைவி' என்று இருக்கிறது, அவளுக்கு ஒரு பெண் குதிரை. இந்த ஒரு வரி இருப்பதால்தான் ஸ்னோ என்ற குடும்பப்பெயருக்குள் ஹாப்கின்ஸ் ரத்தம் போனது ஆதாரத்தோடு நிற்கிறது. என் சம்பந்தி அம்மாவும் இந்த ஸ்னோ வழிதான்.

இங்கேதான் படம் போடுகிறவர்கள் விளையாடுவார்கள். மேஃப்ளவர் பயணிகளைப் பற்றி பிராட்ஃபோர்ட் 1651-ல் எழுதிய கணக்கில் கான்ஸ்டன்ஸுக்குப் பன்னிரண்டு குழந்தைகள், எல்லோரும் உயிரோடு என்று இருக்கிறது. பன்னிரண்டு பேருக்கும் பெயர் எங்கும் இல்லை. உடனே அந்தக் காலி இடத்தில் ஆளாளுக்குத் தன் கொள்ளுப்பாட்டியைக் கொண்டு போய் உட்கார வைத்துவிடுகிறார்கள். சம்பந்தி அம்மாவின் படத்திலும் அப்படி ஒரு பெண் இருந்தாள்.

நான் விட்டேனா? அவரும் விடவில்லை. முதலில் முகம் சுண்டினார், பிறகு ஒரு கத்தைக் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். கீழே இருந்து மேலே ஏறினோம். 1850 வரை சுலபம், ஏனென்றால் அந்த வருஷத்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கிலிருந்துதான் வீட்டில் எல்லோர் பெயரும் வரும். அதற்கு முன்னால் குடும்பத் தலைவன் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அங்கே நிலப் பத்திரம் தேடலாம் என்றேன். ஸ்னோ குடும்பம் வாழ்ந்த ஈஸ்ட்ஹாம் இருப்பது பார்ன்ஸ்டபிள் மாவட்டம், அதன் நீதிமன்றக் கட்டடம் 1827-ல் தீப்பிடித்துப் பத்திரப் புத்தகங்களில் பெரும்பாலானவை எரிந்து போயின. அதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். நல்லவேளை, உயில் வாரிசுப் புத்தகங்கள் பெரும்பாலும் தப்பின. அதில் ஒரு சொத்துப் பிரிவினையில், மகள்களின் பெயர் கணவன் பெயரோடு இருந்தது. படத்தில் இருந்த பெண் வேண்டியிருக்கவில்லை, வேறொரு மகன் வழியாக அந்த அம்மா கான்ஸ்டன்ஸிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டார், அது வேறு கதை.

வயிற்றெரிச்சல் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கிட்டத்தட்ட முன்னூற்றெண்பது வருஷத்துக்கு முன் வாலில்லாத கிடேரியைக்கூட மகள் பெயருக்கு எழுதி வைத்திருக்கிறான். எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பங்காளிகள் சேர்ந்து ஒரு மலர் போட்டார்கள், வழவழ தாளில், வம்சாவளியோடு. அதில் நான் இல்லை, என் அக்கா இல்லை, எந்த வீட்டுப் பெண்ணும் இல்லை. கேட்டதற்கு 'கட்டிக் கொடுத்த பெண்ணை எப்படிம்மா போடறது' என்றார்கள். வரி மட்டும் என்னிடமும் வாங்கினார்கள். இதைச் சொன்னால் பெண்ணியம் பேசுகிறாள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். பாதி வம்சத்தை அழித்துவிட்டு வம்சாவளி என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆள் மேஃப்ளவர் பயணி என்றால், 1897-ல் தொடங்கிய மேஃப்ளவர் வாரிசுகள் சங்கம் முதல் ஐந்து தலைமுறைகளை ஆராய்ந்து புத்தகமாகவே போட்டிருக்கிறது. நீங்கள் கீழிருந்து ஏறி அந்த ஐந்தாம் தலைமுறையைத் தொட்டால் போதும். மேஃப்ளவர் இல்லாத பிற நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) குடும்பங்களுக்கு, பாஸ்டனில் 1845 முதல் இருக்கும் வம்சாவளிச் சங்கத்தின் நூலகம். இங்கிலாந்துப் பக்கம் தேவாலயப் பதிவேடுகள் 1538 முதல் எழுதச் சொல்லி உத்தரவு, ஆனால் எல்லா ஊரிலும் ஆரம்ப ஏடுகள் மிஞ்சவில்லை.

கமெண்டில் அவர் பெயர், குடியேறிய ஊர், கையில் இருக்கும் கடைசி ஆவணம் எந்த வருஷத்தது என்று எழுதுங்கள், தெரிந்தவரை பார்த்துச் சொல்கிறேன். படத்தின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள்.