கபடி ஆடும் மகனுக்கு 2,800 ரூபாய் டப்பா தேவையா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, எடை 58 கிலோ. பள்ளிக் கபடி அணியில் ரைடர். விடியற்காலை 5.30க்கே வெறும் வயிற்றோடு மைதானத்துக்குப் போய்விடுகிறான், அரை மணி நேரத்தில் களைத்துவிடுகிறான். தெரிந்த ஜிம்காரர் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) 1 கிலோ டப்பாவை 2,800 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? இப்போது தினமும் மால்ட் பானம் கொடுக்கிறேன்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: வாங்க வேண்டாம். தம்பியின் களைப்புக்குக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: வெறும் வயிறு. ஓடவும் பாயவும் உடல் முதலில் செலவழிப்பது மாவுச்சத்தை. புரதம் தசையைச் சீராக்கத்தான். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள்.

புரதமும் வேண்டும்தான். கடும் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1.2 கிராமிலிருந்து 2 கிராம் வரை சொல்கிறார்கள். இவருக்கு 70 கிராமில் தொடங்கலாம். பயிற்சி முடிந்து வந்ததும் இட்லி, சாம்பாரோடு இரண்டு முட்டை (12 கிராம்). நாள் முழுக்க அரை லிட்டர் பால் (16). மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10, ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்கு 7. மீதியைச் சோறும் பருப்பும் இட்லியும் பார்த்துக்கொள்ளும். மீன் வாங்கும் நாளில் கணக்கே வேண்டாம்.

விலைக்கு வருவோம். 1 கிலோ டப்பாவில் சுமார் 750 கிராம் புரதம் என்று வைத்தால், கிராமுக்கு 3 ரூபாய் 70 காசு. முட்டை 7 ரூபாய் என்றால் கிராமுக்கு 1 ரூபாய் 20 காசுக்குள். வேர்க்கடலை கிலோ 160 ரூபாய்க்குக் கிடைத்தால் 65 காசுகூட இல்லை!

மால்ட் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிடுவது சட்டம். சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தப் பிரிவிலிருந்து நீக்குமாறு ஆன்லைன் விற்பனைத் தளங்களிடம் மத்திய வணிக அமைச்சகம் சொன்னது. பாலில் கலந்து குடித்தால் அதில் கிடைக்கும் புரதத்தில் பெரும்பகுதி பாலுடையது.

பிற்பாடு பவுடர் வாங்கியே தீர வேண்டும் என்றால், ஜிம்காரர் கையிலிருந்து பில் இல்லாமல் வாங்காதீர்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயர், உடையாத சீல் எல்லாம் இருக்க வேண்டும். பவுடரில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்து, தம்பி நாளை பெரிய போட்டியில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், பழி ஆட்டக்காரர் தலையில்தான் விழும். ‘எனக்குத் தெரியாது’ என்றால் விடமாட்டார்கள்.

பில் இருந்தால், சரக்கில் கோளாறு என்றாலும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சாப்பாட்டைச் சரிசெய்து ஒரு மாதம் கழிந்தும் களைப்பு தொடர்ந்தால், அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.