பால்கனிச் சுவரும் அப்பாவின் கட்டிலும்

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியில் எங்களுடையது மூன்று படுக்கையறை வீடு. ஆறு மாதத்துக்கு முன்பு பால்கனிக் கம்பியை எடுத்துவிட்டு, பத்தடி நீளத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பி, மேலே கண்ணாடி போட்டு அறையாக்கினோம். அப்பா அங்கேதான் படுக்கிறார், அவருக்கு வெளிக்காற்று பிடிக்கும். இப்போது கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் கசிகிறது என்கிறார். அனுமதி வாங்கவில்லை, இடித்துவிடு என்று சங்கம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. இன்னும் நான்கு பேர் அடைத்திருக்கும்போது என்னை மட்டும் குறிவைப்பது நியாயமா? இந்த டென்ஷனில் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தால் ஒரு வேலையும் ஓடவில்லை.

பதில்: பால்கனிச் சண்டைக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன தம்பி. எல்லாவற்றிலும் அந்த ‘இன்னும் நான்கு பேர்’ உண்டு. அவர்கள் எழுதினால் அந்தக் கணக்கில் நீங்கள் இருப்பீர்கள். அதை விடுங்கள்.

நான் நின்றுபோனது வேறு இடத்தில். மூன்று படுக்கையறை. ஒன்று உங்களுக்கும் மனைவிக்கும். ஒன்று பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது எதுவென்று கடைசி வரியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். கம்ப்யூட்டருக்கு நாலு சுவருள்ள அறை, பெற்ற அப்பாவுக்குப் பால்கனி. வெளிக்காற்று பிடிக்குமாம். பிடிக்கும் என்றால் அதைக் கண்ணாடி போட்டு ஏன் அடைத்தீர்கள்?

“அவரே கேட்டார்” என்பீர்கள். கேட்டிருப்பார். மகன் வீட்டில் இருக்கும் அப்பாக்கள் ‘எனக்கு இதுவே போதும்’ என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள நீங்கள் என்ன சின்னப் பிள்ளையா?

சரி, சுவருக்கு வருகிறேன். பெரும்பாலான பால்கனிகள் கட்டடத்திலிருந்து கையை நீட்டினாற்போல் நிற்பவை. நீட்டிய கையில் வாளியை முழங்கையில் மாட்டலாம், விரல் நுனியில் மாட்டினால் எவ்வளவு நேரம் தாங்கும்? நீங்கள் மாட்டியிருப்பது நுனியில். 4.5 அங்குலச் சுவர், 10 அடி நீளம், 3 அடி உயரம் என்றாலே செங்கலும் பூச்சுமாக 600 கிலோவைத் தாண்டும். அதன்மேல் கண்ணாடி. உள்ளே கட்டில், அப்பா.

அப்புறம் அந்தக் கசிவு. பால்கனித் தரையில் தண்ணீர் வடிய ஒரு துளை இருந்திருக்குமே, அது என்ன ஆயிற்று? கொத்தனார் சிமென்ட் வைத்துப் பூசியிருப்பார், அறைக்குள் ஓட்டை எதற்கு என்று நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். ஜன்னல் இடுக்கில் நுழைகிற மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தளத்துக்குள் இறங்கும். இப்படி நீட்டிய தளத்தில் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கமாகத்தான் ஓடும், அதாவது தண்ணீர் நிற்கிற பக்கம். கம்பி துருப்பிடித்தால் உப்பும், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும்.

கீழ்வீட்டுக்காரர் காட்டுவது உங்கள் அப்பா படுத்திருக்கும் தளத்தின் அடிப்பக்கத்தை. ஒரு தடவையாவது போய் அண்ணாந்து பார்த்தீர்களா? ‘கசிகிறது என்கிறார்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

செங்கல் மேலே ஏறியபோது சங்கம் எங்கே போயிருந்தது என்று நானும் கேட்பேன். கேட்டாலும் அந்தச் சுவர் போயாக வேண்டும். பால்கனியைப் பயன்படுத்துவது நீங்களாக இருக்கலாம், ஆனால் அதன் தளமும் வெளிமுகமும் பெரும்பாலும் எல்லாருக்கும் பொதுவான கட்டடத்தைச் சேர்ந்தவை.

கட்டிலை இன்றைக்கு ராத்திரியே உள்ளே போடுங்கள். நாளைக்குக் கீழ்வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், மன்னிப்பும் கேளுங்கள். கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுத் தளத்தைக் காட்டி, எழுத்தில் அறிக்கை வாங்கி, அவர் சொல்கிற விதத்தில் சுவரைப் பிரியுங்கள். அடியில் முட்டுக் கொடுக்காமல் சம்மட்டியால் அடிக்க விடாதீர்கள். பழைய பால்கனிக் கம்பியும் அந்தத் துளையும் திரும்ப வரட்டும். கீழ்வீட்டுக் கூரையைச் சரிசெய்யும் செலவு உங்களுடையது.

ஆபீஸ் மேஜையை எங்கே போடுவது என்கிறீர்களா? சுவரை எடுத்துத் தளத்தைச் சரிசெய்தபின் பால்கனி காலியாகத்தான் இருக்கும். வெளிக்காற்று உங்களுக்கும் நல்லதுதானே.